நாய்ப் பயிற்சியாளருக்கு முன்பணம் கொடுக்கும் முன்

நாய்ப் பயிற்சியாளரிடம் முன்பணம் கொடுக்கும் முன், உங்கள் நாயை வீட்டிலேயே விட்டுவிட்டு, அவர் நடத்தும் ஒரு வகுப்பைப் போய்ப் பாருங்கள். அவர் பேச்சைவிட அங்கிருக்கும் நாய்களைக் கவனியுங்கள். வாலைக் காலிடுக்கில் செருகி, காதைப் பின்னால் மடக்கி, அடிக்கடி உதட்டை நக்கினால், அவை பெரும்பாலும் பயந்துதான் கீழ்ப்படிகின்றன. அந்தப் பயம் பிற்பாடு கடியாக வெளிப்படலாம். தின்பண்டமும் பாராட்டும் கொடுத்துப் பழக்குபவரிடம் நாய் இறுக்கமில்லாமல் தானாகவே ஓடி வரும். பார்க்க விடமாட்டேன் என்றால் வேறு ஆளைத் தேடுங்கள்.

வீட்டுக்கு வந்து மட்டும் கற்றுத்தருபவர் என்றால் இப்படிப் போய்ப் பார்க்க முடியாது. அப்போது உங்கள் நாயின் முதல் வகுப்பு முழுக்கக் கூடவே இருங்கள். நன்றாக இருந்த நாய் திடீரென்று கடிக்கத் தொடங்கினால், முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். எங்காவது வலி இருக்கலாம்.