மனச்சோர்வுள்ள பதின்பருவப் பிள்ளையுடன் செயல் அட்டவணை போடுவது எப்படி?

"மனசு சரியானதும் போறேன்" என்று சொல்லிப் படுத்திருக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டிப் பயனில்லை. விளையாட்டையும் நண்பர்களையும் விட்டு ஒதுங்க ஒதுங்க மகிழ்ச்சி தருபவை குறைகின்றன. அதனால் சோர்வு கூடி, ஒதுக்கமும் கூடுகிறது. 1970களில் அமெரிக்க உளவியலாளர் பீட்டர் லெவின்சன் தந்த இந்த விளக்கத்திலிருந்து வளர்ந்ததே செயல்வழிச் சிகிச்சை. மனம் தெளியக் காத்திராமல் செயலை முதலில் தொடங்குவது இதன் முறை; எதை எப்போது செய்வது என்று எழுதிவைக்கும் செயல் அட்டவணை அதற்கான கருவி.

சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பார்த்து, அவர் துணையுடன் தொடங்குங்கள். சாவைப் பற்றிய பேச்சு எழுந்தால் அட்டவணையை ஒதுக்கிவிட்டு, பிள்ளையைத் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இரவிலும் தமிழில் பேசலாம்.

முதல் வாரம் எதையும் மாற்ற வேண்டாம். ஒவ்வொரு மணி நேரமும் என்ன செய்தோம், அப்போது மனநிலை பத்துக்கு எத்தனை என்பதைப் பிள்ளையே ஒரு நோட்டில் குறிக்கட்டும். படுத்தபடி ரீல்ஸ் பார்த்த நேரத்துக்கு 2, மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனபோது 4 என்று எழுதியிருப்பதைப் பார்க்கையில்தான், நாள் முழுக்க ஒரே மாதிரி இருப்பதாக நம்பிய பிள்ளைக்கு ஏற்ற இறக்கம் கண்ணில் படும். "இதுவும் ஒரு ஹோம்வொர்க்கா?" என்ற எரிச்சல் இயல்பே, நாளுக்கு மூன்று வேளை குறித்தாலும் போதும்.

பிறகு, எண் சற்று உயர்ந்த செயல்களிலிருந்தும், முன்பு பிடித்திருந்து இப்போது விட்டுப்போனவற்றிலிருந்தும் இரண்டை மட்டும் பிள்ளையே தேர்ந்தெடுக்க வேண்டும். "தினமும் நடப்பேன்" என்பது நிற்காது. "செவ்வாய் மாலை ஐந்தரைக்குத் தெருமுனைக் கடைவரை" என்பது நடக்கும். டியூஷனையும் இந்தி வகுப்பையும் இதற்குள் நுழைக்கும் பெற்றோர் காரியத்தைக் கெடுக்கிறார்கள் என்பேன். "இன்னைக்குச் செஞ்சியா?" என்று சாப்பாட்டு வேளையில் கணக்குக் கேட்பதும் அப்படியே.

செய்த அன்றே மனம் லேசாகிவிடாது என்பதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஒரு நாள் தவறினால், ஏன் செய்யவில்லை என்று கேட்காமல் எது தடுத்தது என்று கேளுங்கள். கடை தொலைவாகத் தோன்றியிருந்தால், அடுத்த செவ்வாய்க்கு வாசல்வரை என்று குறைத்து எழுதிக்கொள்ளலாம்.