மெயின்பிரேமில் ஒரு டேற்றா செற்றை மட்டும் பக்கப் எடுக்க

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு வெளிநாட்டு மெயின்பிரேம் (பெரிய நிறுவனங்களின் பெருங்கணினி) வேலை பார்க்கிற தம்பி தங்கச்சிமாருக்கு இது. இரவில் தானாக ஓடுகிற பக்கப்பை மட்டும் நம்பி லைப்ரரியில் (மெம்பர் என்ற தனித்தனிப் பகுதிகள் அடங்கிய டேற்றா செற், அதாவது மெயின்பிரேம் கோப்பு) கை வைக்காதீங்கோ, காலையில் மாற்றிவிட்டு மத்தியானம் பழையது வேணும் என்றால் இடையில் செய்த வேலை அதில் இராது. எச்எஸ்எம் (டேற்றா செற்றுகளைப் பக்கப் எடுத்துப் பராமரிக்கும் ஐபிஎம் மென்பொருள், HSM) இருக்கிற இடமென்றால் ஐஎஸ்பிஎஃப் (மெயின்பிரேமில் வேலை செய்யும் மெனுத் திரைகள், ISPF) 3.4 பட்டியலில் டேற்றா செற் பெயருக்குப் பக்கத்தில் 'எச்பக்டிஎஸ்' (HBACKDS) கட்டளையை அடித்தால் போதும், ஜேசிஎல் (வேலையை ஓடவிட எழுதும் கட்டளை வரிகள், JCL) எழுதத் தேவையில்லை. ஆனால் அது வேண்டுகோளை வரிசையில் போடுவது மட்டும்தான்; பக்கப் உண்மையில் விழுந்ததா என்று 'எச்லிஸ்ற்' (HLIST) கட்டளை போட்டு, திகதியையும் நேரத்தையும் கண்ணால் பாருங்கோ. இதைத்தான் கனபேர் விடுகிறார்கள்.

திருப்பி எடுக்கும்போது 'எச்ரிக்கவர்' (HRECOVER) கட்டளையோடு 'நியூநேம்' (NEWNAME) கொடுத்து வேறு பெயரில் இறக்குங்கோ. மூலப்பெயரிலேயே, அதுவும் ரீபிளேஸ் (REPLACE, இருப்பதன் மேலேயே எழுதச் சொல்வது) கொடுத்து இறக்கினால், ஒரு மெம்பருக்காக மற்ற மெம்பர்களில் இன்று செய்த திருத்தம் எல்லாம் போய்விடும். வேறு பெயரில் வந்ததும் வேண்டிய மெம்பரை மட்டும் ஐஈபிகொப்பி (IEBCOPY) என்ற கொப்பி நிரலாலோ ஐஎஸ்பிஎஃப் 3.3 கொப்பித் திரையாலோ எடுத்துக்கொள்ளலாம்.

எச்எஸ்எம் இல்லையா? சரி, ஏடிஆர்டிஎஸ்எஸ்யூ (ADRDSSU) என்ற பக்கப் நிரலில் டம்ப் (DUMP) கட்டளைக்கு அந்த டேற்றா செற் பெயரை மட்டும் கொடுத்து ஓடவிடுங்கோ, ரிட்டர்ன் கோட் 0 (பிழையில்லாமல் முடிந்ததைக் காட்டும் எண்) வந்ததா என்றும் பாருங்கோ.