முன்னோட்ட ஆய்வு நிதிக்கு விண்ணப்பிக்கும் முன்

அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் முன்னோட்ட ஆய்வுக்கு, அதாவது பெரிய ஆய்வுக்கு முன் செய்யும் சிறு ஆய்வுக்கு, கல்லூரியே தரும் உள்நிதியைக் கேட்பவர்கள், பின்னாளில் தேசிய சுகாதார நிறுவனத்தின் (NIH) ஆர்01 (R01) எனும் பெரிய ஆய்வு நிதிக்கு அனுப்பவிருக்கும் விண்ணப்பத்தின் ஒரு பக்க ஆய்வு நோக்கங்களை முதலில் எழுதிவிட்டு, அதில் எந்தக் கூற்றுக்குத் தரவு இல்லையோ அதைத் திரட்டுவதற்கு மட்டும் நிதி கேட்பது நல்லது.

சிறு தொகை பெரிய வெளிநிதிக்கு வித்தாகுமா என்பதையே தேர்வுக் குழுவினர் பெரும்பாலும் பார்க்கிறார்கள். அதற்கு இப்பக்கம் நேரடி விடையாகிறது. மேலும், நோயாளிகள் எத்தனை பேர் சேர்வார்கள், எத்தனை பேர் இடையில் விலகுவார்கள், அளவீடுகள் எவ்வளவு மாறுபடும் என்பவற்றோடு ஆய்வு நின்றுகொள்வதால், இருபது முப்பது பேரை வைத்துச் சிகிச்சையின் பயனை நிரூபிப்பதாக வாக்களிக்கும் நிலை நேராது; நல்ல விண்ணப்பங்களைக்கூட வீழ்த்துவது அந்த வாக்குறுதிதான் என்பது என் உறுதியான கருத்து.

கருவி வாங்குவதற்கான நிதிக்கும், முந்தைய நிதி முடிந்து அடுத்தது வரும்வரை ஆய்வகத்தை நடத்தத் தரப்படும் இடைக்கால நிதிக்கும் இம்முறை பொருந்தாது. முன்தரவுகளைக் கட்டாயமாகக் கேட்காத ஆர்21 (R21) எனும், புதிய முயற்சிகளுக்கு அதே நிறுவனம் தரும் நிதி வகைக்கு உங்கள் ஆய்வு ஏற்றதாக இருந்தால், உள்நிதிக்காகக் காத்திராமல் நேரடியாக அதற்கே விண்ணப்பிக்கலாம்.