போர் நினைவுக்குறிப்பு போன்ற நாவலுக்கு வாசிப்பனுபவம் எழுதுவது எப்படி

தன்மையில் சொல்லப்படும் போர் நாவலைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது முதல் பத்தியில்தான். 'நான்' என்று பேசுகிறவனை நாவலாசிரியராகவே எடுத்துக்கொண்டு, அவர் பட்ட பாட்டுக்கு இரங்க ஆரம்பித்துவிடுகிறார்கள். முதல் உலகப் போரைப் பற்றிய, ஜெர்மன் எழுத்தாளர் எரிக் மரியா ரெமார்க்கின் 'ஆல் கொயட் ஆன் த வெஸ்டர்ன் ஃப்ரன்ட்' (1929) நாவலில் கதைசொல்லி பால் பாய்மர் வாத்தியாரின் பேச்சில் மயங்கி, வகுப்புத் தோழர்களோடு தானாகவே படையில் சேர்கிறான். ரெமார்க்கோ கட்டாய ஆள்சேர்ப்பில் போனவர். இந்த மாற்றம் ஏன் என்று கேளுங்கள். நம்பி ஏமாந்தவனின் கோபம் வேறு, இழுத்துப் போகப்பட்டவனின் கோபம் வேறு. கட்டுரைக்கான முதல் கேள்வி அங்கேயே கிடைத்துவிடும்.

முதல் வாசிப்பில் குறிப்பெடுக்க வேண்டாம். நின்று யோசிக்க வைத்த இடங்களில் பென்சிலால் ஒரு கோடு போதும். முடித்ததும், முன்னுரையையோ மதிப்புரைகளையோ பார்க்கும் முன், மனதில் தங்கியிருப்பதைப் பத்து வரியில் எழுதி வையுங்கள். அடுத்தவர் கருத்தைப் படித்துவிட்டால் உங்களுடையது எது என்று பிரித்தெடுப்பது கஷ்டம்.

இரண்டாம் சுற்றில் கோடு போட்ட பக்கங்களையும், முதல், கடைசி அத்தியாயங்களையும் மட்டும் படியுங்கள். இம்முறை கவனிக்க வேண்டியது கதைசொல்லி எங்கே நிதானிக்கிறான், எங்கே ஓடுகிறான் என்பதை. ரெமார்க்கின் நாவல் சாப்பாட்டில் தொடங்குகிறது. 150 பேருக்குச் சமைத்திருக்கிறார்கள், திரும்பி வந்திருப்பது 80 பேர். ஆளுக்கு இரட்டைப் பங்கு கிடைக்கும் என்ற மகிழ்ச்சிதான் பக்கங்களை நிரப்புகிறது. மீதி 70 பேரைப் பற்றிப் புலம்பல் இல்லை. 'போரின் கொடூரத்தை உருக்கமாகச் சொல்கிறார்' என்று இதை எழுதினால் தவறு. உருக்கம் இல்லாததுதான் அங்கே வேலை செய்கிறது. வயிறு நிறைந்த திருப்தியோடு சேர்ந்து நாமும் கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

பாத்திரங்களில் இரண்டு பேரை மட்டும் எடுங்கள். எல்லோரையும் தொட்டால் பெயர்ப்பட்டியல்தான் மிஞ்சும். நல்லவன், கெட்டவன் என்று தீர்ப்புச் சொல்வதைவிட, ஒரு பொருளையோ செயலையோ பிடித்துக்கொண்டு போவது நல்லது. கால் வெட்டப்பட்டுச் சாகக் கிடக்கும் தோழன் கெம்மெரிக்கின் பூட்ஸைக் கேட்கிறான் பாலின் இன்னொரு தோழன் முல்லர். 'முல்லர் இரக்கமற்றவன்' என்பது படித்தவுடன் வரும் எதிர்வினை. ஆனால் அந்த பூட்ஸ் கெம்மெரிக்குக்குப் பயன்படுமென்றால் முல்லர் அதைப்பற்றி நினைத்தே பார்க்கமாட்டான் என்று பாலே சொல்கிறான். பிறகு முல்லரும் செத்து, பூட்ஸ் பாலிடம் வருகிறது. முதலில் முல்லர்மேல் வந்த கோபம் எந்தப் பக்கத்தில் மாறியது என்று எழுதுங்கள். தனிப்பட்ட எதிர்வினை என்பது அந்த மாற்றம்தான்.

சொல்முறையில் இன்னொன்றையும் தவறாமல் பாருங்கள்: கதைசொல்லி எந்தக் காலத்தில் நின்று பேசுகிறான்? பல ஆண்டுகள் கழித்துச் சொல்கிறவனுக்குப் பின்புத்தி இருக்கும், மறைக்கவும் ஏதாவது இருக்கும். பால் பெரும்பாலும் நிகழ்காலத்தில் பேசுகிறான். கடைசியில் வேறொரு குரல் வந்து, அவன் 1918 அக்டோபரில் இறந்ததைச் சில வரிகளில் சொல்லி முடிக்கிறது. அதுவரை கேட்ட 'நான்' சட்டென்று 'அவன்' ஆகும்போது உங்களுக்குள் என்ன நடந்தது என்பதற்குத் தனிப் பத்தி கொடுக்கலாம்.

800 சொல் கட்டுரை என்றால் கதைச்சுருக்கம் 100 சொல்லைத் தாண்ட வேண்டாம். மேற்கோள் இரண்டு, பக்க எண்ணோடு. ஒரே ஒரு காட்சியை மட்டும் விரிவாக எடுங்கள். எழுதி முடித்து ஒருநாள் கழித்து 'நெஞ்சை உலுக்கியது', 'கண்கலங்க வைத்தது' போன்ற தொடர்களை வட்டமிடுங்கள். ஒவ்வொன்றையும் அடித்துவிட்டு, எந்த வரி, எந்தச் செயல் அப்படிச் செய்தது என்று அதே இடத்தில் எழுதுங்கள். பதில் கிடைக்காத இடத்தில் வாக்கியத்தையே எடுத்துவிடுங்கள்.