கட்டுநாயக்கவுக்கு எத்தனை மணிக்கு வீட்டை விட்டு இறங்குவது?

கொழும்பிலிருந்து திருச்சிக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்தான். ஆனால் மலைநாட்டு அட்டனிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வான் பிடித்துப் போனால் நான்கு மணி நேரம் பிடிக்கும், ஐந்தும் ஆகும். டிக்கெட்டில் இருப்பது விமானத்தின் கணக்கு மட்டுமே. நம் பயணம் தோட்டத்து லய வீட்டு வாசலிலேயே தொடங்கிவிடுகிறது.

அதிகம் பேர் தவறுவது நள்ளிரவு விமானத்தில். 12ஆம் திகதி 00.45 என்று இருந்தால், 11ஆம் திகதி பின்னேரமே அட்டனை விட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். மூன்று மணி நேரம் முன்னதாக விமான நிலையத்தில் நிற்கவேண்டுமே! எங்கள் பெரியம்மா மகள் குவைத்துக்குப் போகவிருந்தபோது 12ஆம் திகதி பின்னேரத்துக்கு வான் பேசி வைத்திருந்தோம். விமானம் முந்தைய இரவே போய்விட்டது. கயிறு கட்டி, மார்க்கரால் பேர் எழுதிய பெட்டி வாசலில் கிடந்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அன்றிலிருந்து யார் டிக்கெட்டைக் கொண்டுவந்தாலும், வீட்டை விட்டு இறங்கும் திகதியைத்தான் கலண்டரில் வட்டம் போடச் சொல்கிறேன்.

டிக்கெட்டில் புறப்படும் நேரமும் இறங்கும் நேரமும் அந்தந்த ஊர் நேரம். டுபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், குவைத்தும் சவூதியும் இரண்டரை மணி நேரம் பின்னால். காலை 10.00க்கு ஏறி 1.00க்கு டுபாயில் இறங்கினால், பறந்தது நாலரை மணி நேரம். இந்தியாவுக்கு இந்தச் சிக்கல் இல்லை, இரண்டு பக்கமும் ஒரே நேரம்தான்.

இன்னொன்று, டிக்கெட்டில் கொழும்பு என்று இருந்தாலும் விமான நிலையம் இருக்கும் இடம் நீர்கொழும்புக்குப் பக்கத்தில், கொழும்பு நகரத்துக்கு வடக்கே முப்பது கிலோமீற்றருக்கு மேல். கொழும்புக் கோட்டை ஸ்டேஷன் வரை கோச்சியில் (ரயிலில்) போய்விட்டால் வந்து சேர்ந்த மாதிரி என்று நினைக்காதீர்கள். கண்டிப் பக்கமிருந்து வருகிறவர்கள் நிட்டம்புவையில் திரும்பி மினுவாங்கொடை வழியே போனால் கொழும்பு நெரிசலுக்குள் நுழையவே தேவையில்லை.

வரைபடத்தில் நேர்கோடு போட்டு தூரம் பார்ப்பதும் ஏமாற்றும். கட்டுநாயக்கவிலிருந்து திருச்சி சுமார் 415 கிலோமீற்றர், சென்னை சுமார் 645. பறக்கும் நேரத்தில் இருபது நிமிடம்போலத்தான் வித்தியாசம். அதைப் பார்த்து, டிக்கெட் கொஞ்சம் மலிவு என்று சென்னையில் இறங்கி, திருச்சி, புதுக்கோட்டைப் பக்கம் சொந்தக்காரரைத் தேடிப் போகிறவர்கள், பிறகு பஸ்ஸில் ஆறேழு மணி நேரம் கீழே வர வேண்டும். மிச்சம் பிடித்த காசு அந்த வழியிலேயே போய்விடும். மதுரைக்கும் விமானம் உண்டு, அதையும் பாருங்கள்.

அப்புறம் மழை. அட்டனிலிருந்து வரும் வழியில், கினிகத்தேனையிலிருந்து கித்துல்கல வரை இறங்கும் வளைவுகளில், மழை மாதங்களில் பனிமூட்டம் கட்டினால் முன்னால் போகும் லொறியின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரியும். மண் சரிந்தால் பாதையே மூடிவிடும். அந்த மாதங்களில் இரண்டு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். வான்காரத் தம்பியிடம் மாற்றுப் பாதை எது என்று முதல் நாளே கேட்டு வையுங்கள்.