வயதானவர் தட்டில் எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது

"வயசாயிடுச்சு, கஞ்சி போதும்" என்று விடுவதில்தான் தவறு ஆரம்பிக்கிறது. 60 வயதுக்கு மேல் பசி குறையும். புரதத் தேவை குறையாது. புரதம் போதாவிட்டால் தசை கரையும், கால் தளரும், தடுக்கினால் சமாளிக்க முடியாது. உடல் எடையில் கிலோவுக்கு நாளுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை. 50 கிலோ எடைக்கு 50 முதல் 60 கிராம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் இந்த அளவை மருத்துவரே சொல்லவேண்டும்.

ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 கிராம், 30 கிராம் பருப்பில் 7 கிராம், 75 கிராம் மீனில் ஏறக்குறைய 15 கிராம் புரதம் கிடைக்கும். மீதி அரிசி, கேழ்வரகு, தயிர், சுண்டலிலிருந்து வரும். எல்லாவற்றையும் மதியமே கொடுத்துவிடாமல் மூன்று வேளைக்கும் பிரியுங்கள்.

பல் இல்லாதவர்களுக்குப் பாசிப்பருப்புதான் கைகொடுக்கும். 40 கிராம் பருப்பைக் கழுவி, நான்கு மடங்கு தண்ணீர், மஞ்சள், இரண்டு பல் பூண்டு சேர்த்துக் குக்கரில் 4 விசில் விடுங்கள். மத்தால் கடைந்து, பிஞ்சு முருங்கைக்கீரை ஒரு கைப்பிடி போட்டு இன்னும் 5 நிமிடம் கொதிக்கட்டும். இறக்கியபின் எலுமிச்சைச் சாறு, மிளகுத்தூள் சேர்த்தால் பாதி உப்பே போதும். அடுப்பிலேயே எலுமிச்சை பிழிந்தால் கசக்கும்.

உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்கவேண்டும். குழம்பில் குறைத்துவிட்டு ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு வைத்தால் பயனில்லை. இந்துப்பும் உப்புதான். சோடியம் குறைத்த உப்பில் பொட்டாசியம் இருப்பதால், சிறுநீரக நோயாளிகளும் சில ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களும் கேட்காமல் தொடக்கூடாது. அதற்காக உப்பை அடியோடு நிறுத்தவும் வேண்டாம்: நீர் பிரிய மாத்திரை சாப்பிடுபவருக்குச் சோடியம் சரிந்தால் தள்ளாட்டம், குழப்பம் வரும். அதை மறதி என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

சர்க்கரை உள்ளவர்களுக்குக் கேழ்வரகுக் கூழும் சர்க்கரையை வேகமாக ஏற்றும். நைசாக அரைத்துக் கரைத்தது சீக்கிரம் செரிப்பதே காரணம். களியாகவோ அடையாகவோ அளவோடு, கூடவே பருப்போ முட்டையோ வைத்துக் கொடுங்கள்.

சாப்பாட்டோடு டீ, காபி வேண்டாம், இரும்புச்சத்து சரியாகச் சேராது. ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

முதுமையில் தாகமே சரியாகத் தெரியாது. சொம்பில் தண்ணீர் நிரப்பிக் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். இதய, சிறுநீரக நோயாளிகளுக்கு மருத்துவர் சொன்ன அளவு மட்டும். குடிக்கும்போது அடிக்கடி இருமினால், அது விழுங்குவதில் உள்ள கோளாறாக இருக்கலாம். நிமிர்ந்து உட்காரவைத்துச் சிறு மடக்குகளாகக் கொடுங்கள், மருத்துவரிடமும் காட்டுங்கள்.