கிட்னியை எடுக்க லேப்ரோவா, ரோபோவா: முடிவு செய்வதற்கு முன் கேட்க வேண்டியவை

ஒரு கிட்னியை எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் கிளம்பும் முதல் கேள்வி, ஓட்டை போட்டு எடுப்பார்களா, கிழித்து எடுப்பார்களா என்பதுதான். மறுநாள் யாராவது ஒரு சித்தப்பா வந்து ரோபோ என்று ஆரம்பிப்பார். கேள்வியில் தப்பில்லை, ஆனால் அது மூன்றாவதாக வர வேண்டியது. எதற்காக எடுக்கிறார்கள், முழுசாக எடுத்தே ஆக வேண்டுமா, இந்த இரண்டையும் முதலில் கேளுங்கள். எந்த முறை என்பது அதிலேயே பாதி முடிவாகிவிடும்.

வடசென்னையில் இந்தப் பயம் அதிகமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. வில்லிவாக்கத்துக்குக் கிட்னிவாக்கம் என்றே பேர் வந்தது, 2007இல் எர்ணாவூர் சுனாமி குடியிருப்பில் கடனுக்காகக் கிட்னி விற்ற பெண்கள் செய்தியில் வந்தார்கள். விலாவை ஒட்டி முதுகுப் பக்கம் ஓடும் அந்த நீளமான தழும்பைப் பார்த்து வளர்ந்த ஊருக்கு, ஆபரேஷன் என்றால் தழும்புதான் நினைவுக்கு வரும். அதனால்தான் சின்ன ஓட்டை என்று யாராவது சொன்னதும் வேறு எதையும் கேட்காமல் தலையாட்டிவிடுகிறோம்.

லேப்ராஸ்கோபியில், அதாவது சுருக்கமாக லேப்ரோ என்று சொல்லும் துளை ஆபரேஷனில், நடப்பது இதுதான். வயிற்றில் மூன்று நான்கு துளை போடுவார்கள், ஒவ்வொன்றும் 5 முதல் 12 மில்லிமீட்டர். கார்பன் டை ஆக்சைடு வாயுவை ஏற்றி வயிற்றை உப்ப வைத்து, கேமராவில் பார்த்தபடி ரத்தக் குழாய்களை அடைத்து வெட்டி, கிட்னியை ஒரு பைக்குள் போட்டுக்கொள்வார்கள். முழுக் கிட்னி 12 மில்லிமீட்டர் துளை வழியாக வெளியே வராது. அதற்குத் தனியாக, பெரும்பாலும் அடிவயிற்றில், ஒரு வெட்டு உண்டு, இதைப் பலரும் முன்கூட்டியே சொல்வதில்லை. பின்னாளில் குடலிறக்கம் வந்தால் பெரும்பாலும் அந்த வெட்டில்தான் வரும், எங்கே எவ்வளவு நீளம் என்று கேட்டு வையுங்கள். அமெரிக்காவில் ரால்ஃப் கிளேமேன் இதை முதன்முதலாகச் செய்தது 1990இல், அதனால் இன்றைக்கு இதைப் புது வித்தை என்று சொல்ல முடியாது.

வயிற்றுக்குள்ளே போகாமல் விலாப் பக்கத்திலிருந்து நேராகக் கிட்னியை அடைவது இன்னொரு வழி. ஏற்கெனவே சிசேரியன், குடல் ஆபரேஷன் என்று வயிற்றில் கத்தி பட்டு உள்ளே ஒட்டிக் கிடப்பவர்களுக்கு இது நல்ல யோசனை. இதற்கு வழி திறந்தவர் பம்பாய் டாக்டர் கௌர். ரப்பர் கையுறையையே பலூனாக ஊதி கிட்னியைச் சுற்றி இடம் உண்டாக்கும் முறையை 1992இல் வெளியிட்டார், நம் ஊர் மூளை என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம். குறை என்னவென்றால் வேலை செய்ய இடம் குறைவு, பெரிய கட்டிக்குச் சரிப்படாது. கையை உள்ளே விட்டுச் செய்யும் முறையும் இருக்கிறது. அதற்கு ஏழெட்டு சென்டிமீட்டர் வெட்டு வேண்டும், ஆனால் எப்படியும் கிட்னியை வெளியே எடுக்க ஒரு வெட்டு தேவைதானே.

சரி, ரோபோ. மெஷின் தானாகச் செய்யாது. பக்கத்தில் உட்கார்ந்து டாக்டர்தான் கையாலும் காலாலும் அதை ஓட்டுகிறார். அதன் முனை மணிக்கட்டு மாதிரி திரும்பும், அதனால் உள்ளே தையல் போடுவது சுலபம். கட்டியை மட்டும் வெட்டி மீதிக் கிட்னியைத் தைத்துக் காப்பாற்றும்போது இது பெரிய உதவி, ஏனென்றால் ரத்த ஓட்டத்தை நிறுத்தி வைத்திருக்கும் கொஞ்ச நிமிடத்துக்குள் தையலை முடித்தாக வேண்டும். முழுக் கிட்னியையும் எடுப்பதென்றால் தைக்க வேண்டிய வேலையே அதிகம் இல்லை. அமெரிக்க மருத்துவமனைகளின் கணக்கை வைத்து 2017இல் ஜாமா என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வில், முழுசாக எடுப்பதில் ரோபோவுக்கும் லேப்ரோவுக்கும் பெரிய சிக்கல்களில் வித்தியாசம் தெரியவில்லை, ரோபோவில் நேரமும் செலவும்தான் கூடியது. அதனால் முழுக் கிட்னி எடுக்க ரோபோவுக்கென்று நகையை அடகு வைக்காதீர்கள். கட்டி 4 சென்டிமீட்டருக்குள் இருந்தால் "கட்டியை மட்டும் எடுக்க முடியாதா" என்று கேட்காமல் கையெழுத்தும் போடாதீர்கள்.

கல்லடைத்துச் சீழ் பிடித்த கிட்னி, காசநோய் வந்த கிட்னி, இரண்டும் வேறு கதை. பார்க்கச் சாதாரண நோய், ஆனால் சுற்றியுள்ள குடலோடும் ரத்தக் குழாயோடும் ஒட்டிக்கொண்டிருக்கும், புற்றுநோய்க் கட்டியை விட இது கஷ்டமான ஆபரேஷனாகிவிடுவதும் உண்டு. துளையில் ஆரம்பித்துப் பாதியில் திறக்க வேண்டி வரலாம். அப்படித் திறக்கும் டாக்டரைக் குறை சொல்லாதீர்கள், வீம்புக்குத் திறக்காமல் இருப்பவரிடம்தான் பயப்பட வேண்டும். கட்டி பெரிய சிரைக்குள்ளேயே (இதயத்துக்கு ரத்தம் திரும்பிப் போகும் குழாய்) நீண்டிருந்தால் பெரும்பாலும் நேராகத் திறந்துதான் செய்வார்கள்.

தம்பிக்கோ மகளுக்கோ கிட்னி கொடுக்கப் போகிறவர் என்றால் கூடுதலாக ஒன்று கேளுங்கள்: தமனியை, அதாவது கிட்னிக்கு ரத்தம் கொண்டுவரும் குழாயை, எதால் அடைக்கிறீர்கள்? ஹெமோலாக் என்ற பிளாஸ்டிக் கிளிப்பை லேப்ராஸ்கோபியில் கொடையாளிக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற எச்சரிக்கை 2006லேயே வந்துவிட்டது, அது நழுவினால் உயிருக்கே ஆபத்து. பெரும்பாலும் இடது கிட்னியையே எடுப்பார்கள், அதன் சிரை நீளமானது, வைத்துத் தைக்க வசதி.

டாக்டரிடம், இந்த முறையில் எத்தனை செய்திருக்கிறீர்கள், எத்தனை பாதியில் திறக்க வேண்டி வந்தது என்று நேராகவே கேட்கலாம், நல்லவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஒவ்வொரு கிட்னியும் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் ரெனோகிராம் ஸ்கேன் ரிப்போர்ட்டில், மீதமிருக்கப்போகும் கிட்னி எத்தனை சதவீதம் வேலை செய்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு, ஆனால் உங்கள் ஆபரேஷனும் நீங்கள் கேட்கும் முறையும் அதில் அடங்குமா என்று காப்பீட்டுக் கவுன்டரில் முதலிலேயே விசாரியுங்கள். பழைய ஜெயில் ரோட்டில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கும்போது தனியார் ஒருவர் சொன்னதோடு நிற்க வேண்டியதில்லை, ஸ்கேன் பிலிமை எடுத்துக்கொண்டு யூராலஜி (சிறுநீரகப் பாதை ஆபரேஷன் பிரிவு) ஓபியில் இரண்டாவது கருத்து கேளுங்கள். ஓமந்தூரார் அரசு மருத்துவமனைக்கு 2022இல் ரோபோ வந்தது. திருவொற்றியூரில் மெட்ரோ ஏறினால் மாறாமலே அரசினர் தோட்டத்தில் இறங்கிப் போய் விசாரிக்கலாம்.

ஆபரேஷன் முடிந்ததும் தோள்பட்டை வலித்தால் மாரடைப்பு என்று உடனே பதற வேண்டாம், பெரும்பாலும் ஏற்றிய வாயு செய்யும் வேலை, இரண்டு மூன்று நாளில் போய்விடும். ஆனாலும் நர்ஸிடம் சொல்லிவிடுங்கள். வெளியே தழும்பு சின்னது என்பதற்காகக் காசிமேட்டில் ஐஸ் பெட்டி தூக்கவோ ஹார்பரில் மூட்டை தூக்கவோ உடனே போகக் கூடாது, நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். எடுத்த கிட்னியின் பயாப்ஸி ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள், வீட்டுக்கு வந்தபின் பலர் அதை மறந்தே போகிறார்கள். அப்புறம் முதுகு வலிக்கிறது என்று மெடிக்கலில் டைக்ளோஃபினாக் வாங்கிப் போடும் பழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள், மிச்சமிருக்கும் ஒரே கிட்னியைக் கெடுக்கக்கூடிய மாத்திரை அது.